டோர்கஸ் பெல்டனும் நாற்பத்தோராம் பக்கமும்

எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்களை ஜெயகௌரி மனிதர்களில் சேர்ப்பதில்லை. லண்டன் நகரத்தின் நடுவே, பெரிய தெருவொன்றின் பின்புறம் இருக்கும் ஒரு பழைய தனியார் நூலகத்தில் அவள் பதினான்கு வருடமாக வேலை செய்கிறாள். கேட்ட புத்தகத்தை நிலவறைத் தட்டிலிருந்து எடுத்து லிப்டில் மேலே கொண்டுவர வேண்டும். அதை நுரைப்பஞ்சுத் தாங்கியில் வைத்து, பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க ஈயக் குண்டு கோத்த துணிக்கயிற்றை மேலே போட்டுவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். வாசிக்க வருகிறவர்கள் பேராசிரியர்கள், பட்டங்களை வாலாகக் கட்டிக்கொண்டு திரிகிறவர்கள். அவர்களில் பாதிப்பேர் கண்காணிப்பவர் தலை திரும்பியதும் விரலை நாக்கில் வைப்பார்கள். முந்நூறு வருடமாக எலியிடமும் தீயிடமும் தப்பிய கடதாசி இந்த மனிதரின் மத்தியானச் சான்ட்விச்சிடம் தப்பவில்லையே என்று ஜெயகௌரி நினைத்துக்கொள்வாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. "எக்ஸ்கியூஸ் மீ, சேர்" என்பாள். அந்த 'சேர்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு இகழ்ச்சியை அடைக்கலாம் என்பதை அவள் பல வருடம் பழகித் தேர்ந்திருந்தாள்.

ஊர் சுன்னாகம். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வந்தது. வந்த வருடமே சண்டையால் பல்கலைக்கழகம் போகும் பாதை அடைபட்டது. இருபத்திரண்டாவது வயதில் டென்மார்க்கில் இருந்த புவனேந்திரனுக்குக் கலியாணம் பேசி அனுப்பினார்கள். ஹேர்னிங் என்ற ஊரில் ஒரு துணி ஆலையில் பதினாறு வருடம் தலையணை உறை தைத்தாள். டேனிஷ் மொழியை வாசிக்கப் பழகியது மட்டும்தான் அந்தப் பதினாறு வருடத்தில் அவளுக்கென்று மிஞ்சியது. பிறகு, பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும், கோயில் வேண்டும், நாலு தமிழ்ச்சனம் வேண்டும் என்று புவனேந்திரன் முடிவெடுத்தார். குடும்பம் தென்லண்டனில் நோர்பரிக்கு வந்தது. அவர் பழைய வாகனங்கள் திருத்தி விற்கும் தொழிலைத் தொடங்கினார். மூன்று வருடம் கழித்து அவள் அந்த நூலகத்தில் துப்புரவு வேலைக்குப் போனாள். இரண்டு வருடத்தில், தூசி தட்டுகிற இந்தப் பெண் புத்தகத்தைத் தலைகீழாக வைப்பதில்லை என்பதை யாரோ கவனித்து நிலவறைக்கு அனுப்பினார்கள்.

நிலவறையில் அவள் வாசிக்கத் தொடங்கினாள். வாசிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வாசிக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அவள் வாசிப்பாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பழைய ஆங்கில அச்சில் 'எஸ்' எழுத்து 'எஃப்' போலக் கிடக்கும். அது பிடிபட ஒரு மாதம் எடுத்தது. அதற்குப் பிறகு அவள் கண் முதலில் போனது ஒவ்வொரு முகப்புப் பக்கத்தின் அடியிலும் இருக்கும் சிறிய எழுத்துக்குத்தான். யார் அச்சிட்டது, யாருடைய கடையில் கிடைக்கும் என்று அங்கே போட்டிருப்பார்கள். 'இன்னாரின் விதவை' என்று சிலதில் இருந்தது. வெறும் முதலெழுத்தும் குடும்பப் பெயரும் சிலதில். எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ஒரு பெண்மணி' என்று மட்டும் போட்டவை ஏராளம். அச்சகம் நடத்தியவன் செத்தால் அவன் மனைவி தொழிலைத் தொடரலாம் என்பது அந்தக் காலத்து வழக்கம் என்று அவளுக்குப் பிறகு தெரியவந்தது. எழுத்துக் கோத்து, தாள் மடித்து, கடை திறந்து, கடன்காரனையும் கள்ளனையும் கலைத்துக்கொண்டு நின்ற பெண்கள். அவள் ஒரு கொப்பி வாங்கி, பென்சிலால் பெயர்களைக் குறித்தாள். நிலவறைக்குள் பேனா கொண்டுபோகக் கூடாது.

அப்படி வந்தவள்தான் டோர்கஸ் பெல்டன்.

சென் போல்ஸ் தேவாலய முற்றத்தில் ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறுகளில் ஒரு புத்தகக் கடை இருந்தது. முதலில் 'ஜே. பெல்டன்' என்று அச்சிட்டார்கள். பிறகு மூன்று வருடம் 'ஜே. பெல்டனின் விதவை'. அதற்குப் பின்னே பத்தொன்பது வருடம் 'டி. பெல்டன்'. நூலகத்தின் பட்டியல் இந்த 'டி'யை 'டேவிட்' என்று விரித்து எழுதியிருந்தது. எப்போதோ ஒரு கனவான், மகனாக இருக்கலாம் என்று நினைத்திருக்கிறார். நினைத்ததோடு நிற்காமல் டேவிட்டுக்கு ஒரு பிறந்த ஆண்டும் கொடுத்துக் கேள்விக்குறி போட்டிருந்தார். இல்லாத ஒரு ஆணைப் பெற்றெடுக்க இந்தக் கனவானுக்கு ஒரு எழுத்துப் போதுமாக இருந்தது என்று ஜெயகௌரி சிரித்தாள்.

ஒரு பெப்ரவரி மத்தியானம், பிரசவம் பார்ப்பதுபற்றிய ஒரு சிறு புத்தகத்தின் கடைசித் தாளை அவள் திருப்பினாள். புத்தகத்தை எழுதியவள் 'இத்தொழிலில் முப்பது ஆண்டு நின்ற ஒரு பெண்மணி'. அவளுக்கு அவ்வளவுதான் பெயர். கடைசித் தாளில் அச்சிட்டவள் வாசகருக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். பாலத்துக்கு அருகே ஒருவன் தன் புத்தகத்தை அப்படியே திருடி, தன் பெயரை வெட்டிவிட்டு அவன் பெயரைப் போட்டு விற்கிறான் என்று தொடங்கியது. அடுத்து இப்படி இருந்தது: 'அவன் திருடியதற்கு நான் வருந்தவில்லை. திருடியதை அவன் ஒருமுறையேனும் வாசிக்கவில்லை என்பதற்கே வருந்துகிறேன். வாசித்திருந்தால் என் பிழைகளை என்னிடமே விட்டுவிட்டுத் திருடியிருப்பான். என் பெயரைக் கீழே முழுதாக எழுதுகிறேன். அடுத்த முறை எதை வெட்டவேண்டும் என்று அவனுக்குத் தெரியட்டும்.' கீழே, முழுதாக: டோர்கஸ் பெல்டன்.

ஜெயகௌரி நிலவறையில் நின்றபடி அதை நாலு தரம் வாசித்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஒரு ஆளைத் தெரிந்துகொண்டமாதிரி இருந்தது. லண்டனுக்கு வந்து இத்தனை வருடத்தில், உட்காரவைத்து ஒரு தேத்தண்ணி கொடுக்கலாம் என்று தோன்றிய முதல் மனுசி.

பட்டியல் பகுதியின் தலைவர் ஹியூ பிரெண்டிஸிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "நீங்கள் அதை வாசித்தீர்களா?" என்று கேட்டார். டேவிட்டைப் பற்றியோ டோர்கஸைப் பற்றியோ அவருக்குக் கேள்வி இல்லை. நிலவறைப் பெண் வாசித்தாள் என்பதுதான் அவருக்குச் செய்தி. பதினொரு மாதம் கழித்துப் பட்டியலில் டேவிட் மறைந்து டோர்கஸ் வந்தாள். யார் கண்டுபிடித்தது என்று எங்கும் இல்லை. ஜெயகௌரியும் கேட்கவில்லை. கேட்டால் அவர் நன்றி சொல்லுவார். அந்த மனிதரின் நன்றியை வீட்டுக்குக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் புவனேந்திரனுக்குத் தெரியாது. "உந்தப் பழங்கடதாசியை மணந்து மணந்து உமக்கு நெஞ்சுச்சளி வரப்போகுது" என்பதுதான் அந்த நூலகத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த ஒரே கருத்து. அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருப்பதற்குக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். அவருக்கு ஒன்றியம் இருந்தது.

தென்லண்டன் தமிழர் நல ஒன்றியம் என்பது அதன் முழுப்பெயர். வருடத்துக்கு மூன்று விழா, ஒரு பயணம், ஒரு பொதுக்கூட்டம், பொதுக்கூட்டத்தில் ஒரு சண்டை. பத்தொன்பது வருடமாகத் தலைவர் செல்வரத்தினம். மூன்று கவிதைத் தொகுதி போட்டவர். மூன்றும் அவர் வீட்டு மாடிப்படியின் கீழ் பெட்டி பெட்டியாக இருந்தன. ஒன்றியத்தின் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு ஒரு மலர் வெளியிடுவதென்று முடிவானது. வழக்கமான ஆட்களின் வழக்கமான கட்டுரைகள் போதாமல் வந்தபோது, செல்வரத்தினம் ஒரு பிறந்தநாள் விருந்தில் ஜெயகௌரியைப் பிடித்தார்.

"தங்கச்சி, நீங்கள் லைப்ரரியில எல்லோ வேலை? பெம்பிளையள் சம்பந்தமாய் ஏதும் ஒரு கட்டுரை எழுதித் தாங்கோவன். மலரில பெம்பிளையளின்ர பக்கம் காணாது எண்டு கதை வருது."

எழுதித் தருகிறேன் என்றுவிட்டாள். அவர் கேட்ட விதத்துக்கு மறுத்திருக்க வேண்டும். ஆனால் டோர்கஸ் ஒரு வருடமாகத் தொண்டைக்குள் நின்றாள்.

இரண்டு மாதம் எழுதினாள். சனிக்கிழமைக் காலைகளில் குசினி மேசையில் இருந்து எழுதினாள். தமிழில் ஒரு கட்டுரை எழுதி முப்பத்தாறு வருடம். முதல் பக்கம் பிடிவாதமாக வரமாட்டேன் என்றது. பிறகு வந்தது. விதவைகள், தாள் மடித்த வேலைக்காரிகள், கூடையில் புத்தகம் வைத்துத் தெருவில் கூவி விற்ற பெண்கள், பெயரைச் சொல்லாமல் எழுதியவர்கள், பெயரைச் சொல்லி ஏச்சு வாங்கியவர்கள், நடுவில் டோர்கஸ். தலைப்பு: 'அச்சுக் கோத்த கைகள்'. அடியில் தன் பெயரை, தகப்பன் நல்லதம்பியின் முதலெழுத்தோடு, 'ந. ஜெயகௌரி' என்று போட்டாள். ஒன்றியத்தின் தொடர்புகள் எல்லாம் கணவரின் மின்னஞ்சலில் இருந்ததால் அங்கிருந்தே அனுப்பினாள்.

ஒரு புதன்கிழமை மலர் வந்து சேர்ந்தது. சென்னையில் அச்சாகி, எட்டுப் பெட்டியில் இருநூறு பிரதி. புவனேந்திரனின் கராஜ் பெரியது என்பதால் அங்கேதான் இறக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை சட்டனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வெளியீடு. ஜெயகௌரி வேலையால் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பெட்டியை உடைத்தாள்.

நாற்பத்தோராம் பக்கம். தலைப்பு வடிவாக இருந்தது. அதற்குக் கீழே: 'ஆய்வாளர் திரு. சி. புவனேந்திரன்'. பக்கத்தில் அவர் படம். மகள் ஆரணியின் பட்டமளிப்பு விழாவில் எடுத்த படம் அது. கணவனும் மனைவியும் சேர்ந்து நின்ற படத்தை நெடுக்காக வெட்டியிருந்தார்கள். வெட்டியவருக்குக் கை நேராக ஓடவில்லை. படத்தின் ஓரத்தில் ஜெயகௌரியின் பச்சைச் சேலை போட்ட தோள் ஒன்று தனியே நின்றது.

அவள் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஐம்பத்தோராம் பக்கத்தில், அவள் முடித்த இடத்துக்குக் கீழே ஒரு புதிய பந்தி முளைத்திருந்தது. 'இவ்வாறாக, இப்பெண்மணிகளின் வெற்றிகள் யாவற்றுக்கும் பின்னால் அவர்தம் கணவன்மாரின் ஊக்கமும் ஒத்துழைப்பும் இருந்தமையை நாம் மறந்துவிடலாகாது.' கணவன் செத்த பிறகு கடை நடத்தியவர்களைப் பற்றிய கட்டுரை அது. செத்தவன் எப்படி ஒத்துழைத்தான் என்பதைச் செல்வரத்தினம் விளக்கவில்லை.

புவனேந்திரன் உள்ளே தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மலரை விரித்து அவர் மடியில் வைத்தாள்.

"இது என்ன?"

அவர் படத்தைப் பார்த்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது மகிழ்ச்சி. அதை அவள் கண்டாள். பிற்பாடு எத்தனையோ மன்னிக்க முடிந்தும் அந்த ஒரு கணத்தை அவளால் மன்னிக்க முடியவில்லை.

"அது... செல்வரத்தினம் அண்ணை போன் எடுத்துக் கேட்டவர். ஜெயகௌரி எண்டால் சனத்துக்கு ஆர் எண்டு தெரியாது, புவனேந்திரன், உம்மட பேரைப் போடுவமோ எண்டு. நான் உங்கட விருப்பம் எண்டனான்."

"படம்?"

"படம் அவர் கேட்டவர்."

"நீங்கள் வெட்டிக் குடுத்தனீங்கள்."

"சும்மா இரும், கௌரி. ஒரு வீட்டுக்கை ஆரின்ர பேர் வந்தால் என்ன? நான் என்ன பிறத்தி ஆளோ?"

"இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கால் வாசிச்சனீங்களோ?"

அவர் செய்தியைப் பார்த்தார். பாலத்துக்கு அருகே கடை வைத்திருந்த கள்ளனும் இப்படித்தான் இருந்திருப்பான் என்று ஜெயகௌரிக்குப் பட்டது. பெரிய வில்லன் ஒருவனும் இல்லை. வாசிக்காத ஒரு மனிதன், கால் நீட்டிக்கொண்டு.

செல்வரத்தினத்துக்குப் போன் எடுத்தாள். அவர் அன்பொழுகப் பேசினார்.

"அட, தங்கச்சி, இதுக்குப் போய்! பேர் என்ன பேர்? குடும்பத்தின்ர பேர்தானே. கட்டுரை அந்தமாதிரி, எல்லாரும் சொல்லுகினம்."

"ஆர் வாசிச்சவை, அண்ணை?"

"வாசிக்கத்தானே போகினம்."

"கடைசியில ஒரு பந்தி சேர்த்திருக்கிறியள்."

"அது ஒரு முடிவுரை. நீங்கள் முடிவுரை இல்லாமல் விட்டிட்டியள். பத்திராதிபரின்ர உரிமை எண்டு ஒண்டு இருக்குத்தானே."

"பிழையைத் திருத்தேலுமோ?"

"இனி எப்பிடி ஏலும்? அச்சடிச்சு வந்திட்டுது. அடுத்த மலரில ஒரு வரி போட்டுவிடுவம்." அடுத்த மலர் ஐம்பதாம் ஆண்டுக்கு. அவருக்கு அப்போது தொண்ணூற்றாறு வயது வந்திருக்கும்.

"ஏலும்" என்றாள் ஜெயகௌரி. போனை வைத்தாள்.

எப்படி ஏலும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காலத்து அச்சுக்காரர்கள், பிழை உள்ள ஒரு தாளுக்காகப் புத்தகத்தை எறியமாட்டார்கள். முதுகோரம் ஒரு விரலளவு விட்டு அந்தத் தாளை வெட்டி எடுத்து, சரியான தாளை அந்த விளிம்பில் ஒட்டிவிடுவார்கள். நிலவறையில் அப்படி ஒட்டிய தாள்களை அவள் நூற்றுக்கணக்கில் கண்டிருக்கிறாள். நல்ல கை ஒட்டியிருந்தால் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கலாம்.

இரண்டு நாள் லீவு எடுத்தாள். வியாழக்கிழமை குரோய்டனில் வேலை செய்யும் ஆரணி மத்தியானத்தோடு வந்து, கணினியில் பக்கங்களை அதே எழுத்தில், அதே அளவில் அமைத்தாள். ஆரணிக்கு இருபத்தொன்பது வயது. நோட்டீஸ் எழுதுவதும் மனு எழுதுவதும் அவள் தொழில்.

"அம்மா, சீரியஸ்லி? இருநூறு கொப்பி? ஒரு ஸ்ட்ராங் ஈமெயில் போடுவம்."

"ஈமெயிலை அவர் வாசிக்கமாட்டார். இதையும் வாசிக்கமாட்டார். ஆனால் இது புத்தகத்துக்குள்ள கிடக்கும்."

நாற்பத்தோராம் தாள் சுலபமாக முடிந்தது. பெயரை மாற்றி, படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். ஐம்பத்தோராம் தாளில்தான் வில்லங்கம். தாளின் இந்தப் பக்கத்தில் அந்த ஒத்துழைப்புப் பந்தி. மறுபக்கத்தில், ஐம்பத்திரண்டாம் பக்கமாக, செல்வரத்தினத்தின் கவிதை. பந்தியை வெட்டினால் கவிதையும் போகும்.

"போகட்டும்" என்றாள் ஆரணி. "நோபடி வில் மிஸ் இட்."

"இல்லை. அவர் செய்ததை நான் செய்யமாட்டன். அவற்ற கவிதை அவற்ற பேரிலயே இருக்கோணும்."

கவிதை பதினெட்டு வரி. அதில் ஒன்பது ஒற்றுப்பிழை, இரண்டு இடத்தில் லகர ளகரக் குழப்பம், 'தமிழ்' என்று வரவேண்டிய ஒரு இடத்தில் 'தமிள்'. ஆரணி தட்டச்சுச் செய்யும்போது ஒன்றைத் திருத்தப் போனாள். ஜெயகௌரி அவள் கையைப் பிடித்தாள்.

"தொடாதை. ஒரு புள்ளிகூட மாறக்கூடாது."

திருத்துவது ஒரு மரியாதை. அந்த மரியாதையைச் செல்வரத்தினத்துக்குச் செய்ய அவள் ஆயத்தமாக இல்லை. எழுத்துக்கு எழுத்து, 'தமிள்' உட்பட, அவர் படைத்தபடியே அச்சேறியது.

தோர்ன்டன் ஹீத்தில் ஒரு கொப்பிக் கடையில் நானூறு தாள் அடித்தார்கள். வெள்ளியும் சனியும் கராஜில் பழைய கதவொன்றை இரண்டு முக்காலிமேல் போட்டு மேசையாக்கினாள். கோதுமைமாப் பசையை வீட்டிலேயே காய்ச்சினாள். நூலகத்தில் புத்தகம் திருத்துகிறவர்கள் காய்ச்சுவதைப் பார்த்து வைத்திருந்தாள். இரும்பு அடிமட்டம், மெல்லிய கத்தி. வெட்டு, பசை, தாள், துணியால் அழுத்து, அடுத்தது. முதல் பத்துப் பிரதி கோணலாக வந்தது. அதன் பிறகு கை பழகிவிட்டது. ஹேர்னிங் ஆலையில் பதினாறு வருடம் உறை தைத்த கை அது. உள்ளடக்கப் பக்கத்தில் பெயருக்கு மேலே ஒரு சிறிய துண்டு ஒட்டினாள். வெட்டிய தாள்களை ஒழுங்காக அடுக்கி ஒரு பெட்டியில் போட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் புவனேந்திரன் ஒரு காரின் பற்றரி எடுக்கக் கராஜுக்குள் வந்தார். மனைவியும் மகளும் அவருடைய முகத்தை இருநூறு தரம் வெட்டி அடுக்கியிருப்பதைக் கண்டார்.

"ஏன் இந்த வில்லங்கம்? நாளைக்கு நான் மேடையில ஏறிக் கதைக்கோணும். ஐஞ்சு நிமிசம் தந்திருக்கினம். சூட்டும் அயர்ன் பண்ணி வைச்சிருக்கு."

"கதையுங்கோ" என்றாள் ஜெயகௌரி, பசைத் தூரிகையை நிமிர்த்தாமல். "நல்லாக் கதையுங்கோ."

"நான் என்னத்தைச் சொல்லுறது?"

"நீங்கள்தானே ஆய்வாளர்."

அண்ணைக்குப் போன் எடுத்துச் சொல்லலாமா என்று யோசிப்பது அவர் முகத்தில் ஓடியது. சொன்னால், என்ன நடந்தது என்று விளக்கவேண்டும். அது அவருக்குக் கஷ்டமாகப் பட்டிருக்கவேண்டும். பற்றரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. குத்துவிளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்பு நடனம் ஒன்று, இன்னொன்று. செல்வரத்தினம் மலரை ஒரு வைத்தியருக்குக் கொடுத்தார், வைத்தியர் ஒரு வர்த்தகருக்குக் கொடுத்தார், படம் எடுத்தார்கள், கை தட்டினார்கள். மேடையில் இருந்த ஒருவரும் அதைத் திறக்கவில்லை. ஜெயகௌரி ஐந்தாவது வரிசையில் மகளோடு இருந்து அதைப் பார்த்தாள். புத்தகத்தை மார்போடு அணைத்துப் படத்துக்கு நிற்பவன் அதை ஒருநாளும் திறக்கமாட்டான் என்பது அவளுடைய நீண்டநாள் அவதானிப்பு.

மண்டபத்தில் இருந்தவர்களுக்கும் பிரதிகள் கொடுத்தார்கள். இவர்கள் திறந்தார்கள். தங்கள் படம் வந்திருக்கிறதா என்று தேடத்தான்.

"அடுத்ததாக," என்று செல்வரத்தினம் ஒலிவாங்கியில் முழங்கினார், "இந்த மலரின் மகுடமாக விளங்கும் ஆய்வுக் கட்டுரையை வரைந்த எங்கள் அன்புக்குரிய புவனேந்திரன் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்!"

புவனேந்திரன் எழுந்து போனார். அவர் போகமாட்டார் என்று ஜெயகௌரி உள்ளூர எதிர்பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அவர் சூட்டின் பொத்தானைப் பூட்டினார்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கட்டுரை வந்து... அந்தக் காலத்தில இங்கிலாந்தில பெம்பிளையள் புத்தகம் அடிச்சதைப் பற்றி. இதில முக்கியமாய் பெல்டன் எண்டு ஒரு பெரியவர்..."

ஆரணி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஜெனோஜா. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மேல்வகுப்புக்குப் படிப்பிப்பவள். மடியில் மலர் விரித்தபடி இருந்தது.

"மாமா, சொறி, ஒரு சின்னச் சந்தேகம். பெல்டன் பெம்பிளை எண்டெல்லோ இதில எழுதியிருக்கு? எழுதினது ந. ஜெயகௌரி எண்டும் போட்டிருக்கு."

இருநூறு பக்கங்கள் புரளும் ஓசை ஒரு மண்டபத்தில் எப்படிக் கேட்கும் என்பது ஜெயகௌரிக்கு அதுவரை தெரியாது. செல்வரத்தினம் வர்த்தகரின் கையிலிருந்து பிரதியைப் பறித்துப் புரட்டினார். நாற்பத்தொன்று. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டுக்குப் போய்த் தன் கவிதை இருக்கிறதா என்று பார்த்தார். இருந்ததும் சற்று ஆறினார்.

"இது... அச்சுப்பிழை" என்றார். "சென்னையில செய்த பிழை."

"ஓம், நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்துதான்..." என்று புவனேந்திரன் தொடங்கினார்.

ஜெயகௌரி எழுந்தாள். மேடைக்குப் போகவில்லை. அவள் குரல் உயரவுமில்லை. நூலகத்தில், "எக்ஸ்கியூஸ் மீ, சேர்" என்று சொல்லும் அதே குரல்.

"சென்னையில ஒரு பிழையும் செய்யேல்லை, அண்ணை. அவை நீங்கள் குடுத்ததைத்தான் அடிச்சவை. பிழையை வெட்டி எடுத்து ஒட்டினது நான். வெட்டின தாள் நானூறும் எங்கட கராஜில பெட்டியில கிடக்கு. உங்கட முடிவுரையும் அதிலதான். ஆருக்கும் வேணுமெண்டால் வந்து எடுக்கலாம்."

இருந்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிலர் ஜெயகௌரியை முறைத்தார்கள். பல பெண்கள் பார்க்காததுபோல மடியில் இருந்த பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நடனத்துக்குப் பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

பத்து நாளில் ஒன்றியத்தின் செயற்குழு கூடியது. மலரைச் சேதப்படுத்திய குற்றத்துக்காக ஜெயகௌரியை அங்கத்துவத்திலிருந்து நீக்குவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். பதிவேட்டைப் பார்த்தபோது அவள் பெயர் அதில் இல்லை. குடும்ப அங்கத்துவம், புவனேந்திரனின் பெயரில் இருந்தது. தீர்மானம் எடுத்தாகிவிட்டது, பின்வாங்கினால் மானம் போகும். கடைசியில் புவனேந்திரனை நீக்கினார்கள். பதினேழு வருடம் கதிரை அடுக்கிய மனிதர் அந்தக் கடிதத்தைக் குசினி மேசையில் வைத்து மூன்று தரம் வாசித்தார். அவர் எதையும் இவ்வளவு கவனமாக வாசித்ததை ஜெயகௌரி கண்டதில்லை.

"உம்மாலதான்" என்றார்.

"என்ர பேர் அதில இல்லையே" என்றாள் அவள்.

ஜெனோஜா போன் எடுத்தாள். கட்டுரையைத் தன் வகுப்பில் வாசிப்பித்ததாகவும், பிள்ளைகள் அந்தக் கள்ளனுக்கு என்ன நடந்தது என்று கேட்டதாகவும், ஒருநாள் வந்து பேசமுடியுமா என்றும் கேட்டாள். ஜெயகௌரி போனாள். பதினைந்து பிள்ளைகள், பாதிப்பேர் மேசைக்குக் கீழே போன் பார்த்தார்கள். அவர்களையும் அவள் மதிப்பிட்டுக்கொண்டாள். ஆனால் டோர்கஸின் குறிப்பை வாசித்தபோது மூன்று பெண்பிள்ளைகள் சத்தமாகச் சிரித்தார்கள், சரியான இடத்தில். ஹியூ பிரெண்டிஸ் அந்த இடத்தில் சிரித்திருக்கமாட்டார். அந்த மூன்று பேரின் பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டாள்.

புவனேந்திரன் ஒரு மாதம் அளந்து பேசினார். ஒன்றியம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்கு நீளமாக இருந்தன. அப்படியொரு ஞாயிறு பகலில், அவள் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தபோது, மலரைக் கையில் எடுத்துக்கொண்டு குசினிக்குள் வந்தார். விரலை நாற்பத்தோராம் பக்கத்துக்குள் வைத்திருந்தார்.

"இஞ்சேரும். இந்தப் பெல்டன் மனுசி, புருசன் செத்தாப்பிறகு வேற கலியாணம் செய்தவவோ?"

"ஏன்?"

"இல்லை, கடை வைச்சிருக்கிறா, ஒருத்தரும் கேக்காமலோ இருந்திருப்பினம் எண்டு..."

மறுமணம் செய்தால் கடை புதுக் கணவனின் கைக்குப் போய்விடும் என்பதால் அவள் கடைசிவரை செய்யவில்லை. கேட்டு வந்த இரண்டு பேரையும் என்ன சொல்லி அனுப்பினாள் என்றுகூட ஜெயகௌரி விரிவாக எழுதியிருந்தாள்.

"நாற்பத்தாறாம் பக்கத்தில கிடக்கு" என்றாள் அவள், கத்தரிக்காயைத் திருப்பிப் போட்டபடி. "வாசியுங்கோ."